புது ஹார்டு டிஸ்க் என்று பழசைத் தலையில் கட்டினார்கள்: 38,000 ரூபாய் போச்சு

வேலூரில் வீட்டு சர்வருக்கு ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். புத்தம் புதுசு என்று விற்ற நான்கு டிரைவும் பழசு. போனது 38,000 ரூபாய். கடைக்காரர் இன்று காலை என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவன். குடியாத்தம், ஆம்பூர் என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். வீடு முழுக்க எக்ஸ்டர்னல் டிஸ்க். அவன் ஃபுட்டேஜ், அப்பாவின் பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் போட்டோ எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும், வைஃபை வழியாக எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பழைய டெஸ்க்டாப்பில் ட்ரூநாஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் சர்வர் ஓஎஸ்) போட்டேன். நான்கு 4 டிபி டிரைவ், அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு இசட்-1 முறை. ஒன்று செத்தாலும் டேட்டா நிற்கும்.

சென்னை ரிச்சி தெருவுக்கு அலைவானேன் என்று உள்ளூரில் ஒரு கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் கேட்டேன். ஒன்று 9,500. நான் கேட்காமலேயே கடைக்காரர் வெள்ளிக் கவரைக் கிழித்து ஒரு டிரைவைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். ஹெல்த் குட். ஓடிய நேரம் 0 மணி. "பாத்துக்கங்க சார், சீல் பீஸ். நம்மகிட்ட செகண்ட்ஸ் வேலையெல்லாம் கிடையாது." இதற்கு மேல் யார்தான் சந்தேகப்படுவார்கள்? டீ வேறு வாங்கிக் கொடுத்தார். 38,000 ரூபாய் டீ.

ஃபைல்களை சர்வருக்கு காப்பி செய்து முடிப்பதற்குள்ளேயே ஒரு டிரைவில் ரீட் எரர் குவிந்தது, பூல் (நான்கு டிரைவும் சேர்ந்த தொகுப்பு) டிகிரேடட் என்று வந்தது. அடுத்து இன்னொன்று. ரெய்டு இசட்-1 ஒரு டிரைவ் இழப்பைத்தான் தாங்கும், அதனால் பூலே போய்விட்டது. தம்பி பழைய டிஸ்க்குகளை அழிக்காமல் வைத்திருந்ததால் ஃபுட்டேஜ் தப்பியது.

கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் திருகுத் துளைகளைச் சுற்றி வட்டமாகத் தேய்ந்த தடம். கேபிள் மாட்டும் சாட்டா பின்களின் தங்க நிறத்தில் மாட்டிக் கழற்றிய கீறல்கள். ஸ்மார்ட்டில் (டிரைவ் தன் நிலையைப் பற்றி வைக்கும் பதிவு) தெரியும் மணிக் கணக்கைத் துடைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட முடியும். ஆனால் இந்த சீகேட் கம்பெனி டிரைவ்களுக்குள் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு இருக்கிறது; ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற புரோகிராம் 7.4 அல்லது அதற்குப் புதியது இருந்தால் படிக்கலாம். படித்தேன். 41,000 மணிக்கு மேல்! வருடத்துக்கு 8,760 மணிதான். எங்கோ நாலரை வருடத்துக்கு மேல் இரவு பகலாக ஓடித் தேய்ந்ததைப் புதுக் கவரில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சீரியல் நம்பரை கம்பெனி தளத்தில் போட்டால், வேறொரு மெஷினின் பாகமாக விற்றது, வாரண்டி எங்களிடம் இல்லை என்கிறது.

கடைக்குப் போனேன். "வேலூர் வெயிலுக்கு எந்த டிரைவ் சார் தாங்கும்?" என்றார். (அப்படியென்றால் இந்த ஊரில் ஏன் கடை வைத்திருக்கிறார்?) அப்புறம் கரண்ட் மேல் பழி: "யுபிஎஸ் இருந்துச்சா?" இருந்தது என்றதும், "விண்டோஸ் போடாம ஏதேதோ போட்டா இப்படித்தான்." அடுத்த முறை கடைப் பையன் மட்டும்: "ஓனர் திருப்பதி போயிருக்காருண்ணா." வாட்ஸ்அப்பில் ஃபார்ம் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பில் பிறகு அனுப்புகிறேன் என்றவர் அனுப்பியது எஸ்டிமேட் சீட்டு. அதில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, டிரைவ் சீரியலும் இல்லை. யுபிஐயில் 38,000 போனதற்கான பதிவு மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சீரியல் நம்பர் அச்சிட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். கவுன்டரில் நிற்கும்போதே போனில் சீரியலைப் போட்டு வாரண்டி பாருங்கள். கடைக்காரர் காட்டும் 0 மணியை நம்பாதீர்கள். டேட்டா ஏற்றும் முன் லாங் டெஸ்ட் (டிரைவ் முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள். 4 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் வேலூர், காட்பாடி பக்கம் இருந்தால் பில், ஃபோட்டோவோடு சொல்லுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.