செயலியை மூடிய பிறகு: ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும்

கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பவர்களுக்காக ஒரு செயலி எழுதினேன். சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்த ஆர்டரும் சிக்னல் கிடைத்ததும் தானாக சர்வருக்குப் போய்விட வேண்டும். இதற்கு நான் முதலில் தேர்ந்தெடுத்தது ஆண்ட்ராய்டு.

பிறகு ஐபோனின் ஐஓஎஸ்ஸுக்கும் எழுதினேன். இரண்டிலும், பயனர் செயலியை விட்டு வெளியேறிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

திரைக்குப் பின்னால், அதாவது பின்னணியில் ஓடும் செயலிகள் மீது ஆண்ட்ராய்டிலும் பிடி இறுகிக்கொண்டேதான் வருகிறது. 2015-இல், போன் சும்மா கிடக்கும்போது பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும் டோஸ் வந்தது. 2017-இல் 8.0 பதிப்பு பின்னணி சர்வீஸ்களுக்குக் கடிவாளம் போட்டது. ஆனால் பின்னணி வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் கூகுளின் வொர்க்மேனேஜரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்கிறது. வரிசையைத் தன் டேட்டாபேஸில் எழுதி வைப்பதால், போனை அணைத்துப் போட்டாலும் வேலை தொலையாது. எங்கள் செயலியில் முதலில் ஆர்டர் போய் எண் வாங்கி வரவேண்டும். அந்த எண்ணோடுதான் ஆர்டருக்கான படங்கள் போகும். ஒன்று முடிந்தால் அடுத்தது என்று சங்கிலியாகக் கோக்க இரண்டு வரி போதும்.

ஐஓஎஸ்ஸில் ஒரே ஒரு ஃபைல் என்றால் கவலையில்லை. பின்னணி யூஆர்எல்செஷன் என்ற ஆப்பிளின் அனுப்பும் வசதியிடம் கொடுத்தால், செயலி உறங்கினாலும் சிஸ்டமே அனுப்பிவிடும். சங்கிலிதான் சிக்கல். முதல் பதில் வந்ததும் சிஸ்டம் செயலியை எழுப்பும். ஆனால் பின்னணியில் இருந்தபடியே அடுத்ததைத் தொடங்கினால் சிஸ்டம் அதைத் தள்ளிப்போடும். பின்னணி வேலைக்கு நேரம் கேட்க 2019-இல் வந்த பிஜிடாஸ்க்ஷெட்யூலரில் நாம் சொல்லும் நேரம் 'இதற்கு முன் வேண்டாம்' என்பது மட்டுமே. எப்போது ஓடும் என்பது சிஸ்டத்தின் விருப்பம். பயனர் செயலியை மேலே தள்ளி மூடிவிட்டாலோ, நடந்துகொண்டிருந்த பரிமாற்றமும் ரத்து.

ஆண்ட்ராய்டு யோக்கியம் என்று சொல்லவரவில்லை. ஒரு தயாரிப்பாளரின் போன்களில், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று வொர்க்மேனேஜரையே முடக்கிப் போட்டிருந்தார்கள். எந்த செட்டிங்கை மாற்றவேண்டும் என்று படம் பிடித்து விற்பனையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆறு மாதத்தில் மூன்று முறை.

ஐஓஎஸ்ஸில் என் அனுபவம் இந்த ஒரு செயலியும் நான்கு மாதமும்தான். இதைவிட நல்ல வழி வைத்திருப்பவர்கள் இருக்கலாம். இப்போதைக்கு அந்தப் பதிப்பின் முகப்பில் 'அனுப்பாதவை: 4' என்று காட்டி, பக்கத்தில் ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஒருமுறை அதை அழுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.