மூடிய ஜாடி உயிர்ச்சூழல் கிட்: வாங்கலாம், அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்

ஆற்றல் ஓட்டத்தைக் கண்ணெதிரே காட்டுவதற்கென்று விற்கப்படும் கிட் இது. 4 லிட்டர் கண்ணாடி ஜாடி, ரப்பர் வளையம் வைத்த மூடி, கழுவிய மணல், ஒரு பொட்டலம் உலர்ந்த குளத்துச் சேறு, ஒரு கொத்து ஹார்ன்வொர்ட் என்னும் நீர்ச்செடி, 6 நத்தைகள், ஒரு குப்பி டாஃப்னியா (நீரில் துள்ளும் மிகச் சிறிய உயிரி), உணவுச் சங்கிலியில் படிக்குப் படி ஆற்றல் குறைவதைக் காட்டும் ஆற்றல் பிரமிடு அச்சிட்ட விளக்க அட்டை. பொருள்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடி காற்றுப் புகாமல் கச்சிதமாக உட்காருகிறது. சறுக்குவது அட்டைதான்.

முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு மூடச் சொல்வது. நனைந்த சேற்றில் பாக்டீரியா வேகமாகப் பெருகி நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அந்த நேரத்தில் உயிர்களை விட்டால் சாவுதான். அடியில் சேறு 1 செ.மீ. போதும், மேலே மணல் 2 செ.மீ. சேறு கூடினால் அடி கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வரும். ஜாடியில் கால் பங்கு காற்றுக்கு விட்டுவிட்டு நீர் ஊற்றி, செடியை மட்டும் போட்டு ஒரு வாரம் திறந்தே வையுங்கள். நீர் தெளிந்தபின் டாஃப்னியா, அதன்பின் நத்தை. குழாய் நீரென்றால் முதலில் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமைன் கலந்த நீருக்கு இது பலிக்காது, அதை நீக்கும் மருந்து வேண்டும்.

நத்தை 6 என்பது அதிகம். 2 போதும், அவையே பெருகிக்கொள்ளும். பகலில் ஹார்ன்வொர்ட் இலை நுனிகளில் மணி மணியாக ஆக்சிஜன் குமிழிகள் கோத்து நிற்பதைப் பார்க்கலாம். இரவில் அந்தச் செடியே ஆக்சிஜனை எடுக்கும் பக்கம் போய்விடும். ஆகவே வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்த நேரத்தில் நத்தைகள் எல்லாம் நீர்மட்டத்தை ஒட்டி ஏறி நின்றால் ஜாடி தாங்குவதைவிட உயிர்கள் கூடிவிட்டன என்று பொருள். மூடியைத் திறந்து நத்தைகளில் பாதியை வெளியே எடுங்கள். ஒரு நத்தை செத்து அழுகினாலே இவ்வளவு சிறிய நீரில் அமோனியா ஏறிவிடும்.

நேர்வெயில் கூடாது. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5 தான். சூட்டில் உயிர்களின் சுவாசமோ கூடுகிறது. இரண்டு பக்கமும் அடி. வெளிச்சமான நிழலிடம், அல்லது நாளுக்கு 12 மணி நேரம் எல்.இ.டி. விளக்கு.

பெட்டியின் மேல் "வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். கிட்டின் பாடமே இதற்கு நேர்மாறானது. கார்பனும் நைட்ரஜனும் ஜாடிக்குள்ளேயே சுற்றும், ஆற்றல் சுற்றாது. ஒளியாக வருகிறது, வெப்பமாகப் போய்விடுகிறது. சேறும் செடியும் மட்டும் போட்ட இன்னொரு ஜாடியைக் கறுப்புத் துணியால் மூடி அருகில் வைத்தால் மாணவர்களுக்கு இது தானே புரியும்.

இனி அந்தப் பிரமிடு. செடி, டாஃப்னியா, நத்தை, மீன் என்று அடுக்கி கீழ்ப்படியின் ஆற்றலில் சரியாக 10 சதவீதம் ஒவ்வொரு மேல்படிக்கும் போவதாகப் போட்டிருக்கிறது. டாஃப்னியா வடிகட்டித் தின்பது நீரில் மிதக்கும் பாசியையும் பாக்டீரியாவையும். ஹார்ன்வொர்ட்டை அது தொடாது. நத்தை டாஃப்னியாவை வேட்டையாடுவதில்லை, கண்ணாடியில் படிந்த பாசியையும் மட்கும் இலையையும் சுரண்டுகிறது. மீன் ஜாடியிலேயே இல்லை. இருக்கவும் கூடாது: இவ்வளவு சிறிய அடித்தளத்தில் விளையும் டாஃப்னியாவை அது சில நாளில் காலி செய்துவிடும்.

10 சதவீதம் என்பதும் சராசரியாகச் சொல்லும் தோராயம்தான். அமெரிக்கச் சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றை அளந்து 1957ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்குத் தாவரங்கள் பிடித்தது 20,810 கிலோகலோரி. அதில் 11,977 அவற்றின் சுவாசத்துக்கே போயிற்று. தாவர உண்ணிகளுக்கு 3,368, ஊனுண்ணிகளுக்கு 383, உச்சியில் 21. அதாவது படிக்குப் படி சுமார் 16, 11, 5 சதவீதம். செத்தவற்றை மட்கச் செய்யும் பாக்டீரியா போன்ற சிதைப்பவைக்குப் போனது 5,060. தாவர உண்ணிகளின் பங்கைவிட அதிகம். அட்டையில் சிதைப்பவைக்கு ஒரு பெட்டிகூட இல்லை. பொட்டலத்தில் சேற்றைக் கொடுத்துவிட்டு அதன் வேலையைச் சொல்லாமல் விட்டது பெரிய ஓட்டை.

அட்டை சொல்லாத இன்னொன்றையும் ஜாடி காட்டும். நீர் முதலில் பச்சையாகும். டாஃப்னியா பெருகியதும் தெளியும். அப்போது எடை போட்டால் தின்னிகள் பாசியைவிடக் கனமாக இருக்கக்கூடும், உயிர்த்திரள் பிரமிடு (ஒவ்வொரு படியிலும் உள்ள உயிர்களின் மொத்த எடையை அடுக்கியது) தலைகீழாகும். பாசி வேகமாகப் பெருகிப் பெருகித் தின்னப்படுவதால்தான் இது நடக்கிறது. ஆற்றல் பிரமிடு மட்டும் ஒருபோதும் கவிழாது.

வகுப்பறைக்குத் தாராளமாக வாங்கலாம். அட்டைக்குப் பதில் மேலே உள்ள எண்களைக் கரும்பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். அலங்காரப் பொருளாக நினைப்பவர்களுக்கு ஏமாற்றமே, கண்ணாடி பாதி நாள் பாசி பிடித்தேதான் இருக்கும். கிட் வந்ததும் முதலில் டாஃப்னியா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துள்ளாமல் அடியில் வெளுத்துப் படிந்திருந்தால் ஜாடியில் ஊற்றாமல் மாற்றுக் குப்பி கேளுங்கள்.