மலைநாட்டுச் சைக்கிளுக்கு எந்தப் பூட்டு?

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இலங்கை முழுவதும் சைக்கிள் விலை எகிறியது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய கியர் சைக்கிளை ஹட்டனிலும் பண்டாரவளையிலும் மெல்லிய கேபிளால் கட்டிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

கேபிளின் தடிமனில் பெரும்பங்கு பிளாஸ்டிக் உறைதான். உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பியை அறுக்க ஒரு கைக்குறடு போதும். சில வினாடி வேலை. இலக்கம் திருப்பித் திறக்கும் மலிவு வகை இன்னும் மோசம். கம்பியை இழுத்துப் பிடித்தபடி திருப்பினால், சரியான இலக்கம் விரலுக்கே தட்டுப்பட்டுவிடும்.

பின்சக்கரத்தில் பொருத்தி வரும் வளையப் பூட்டு சக்கரத்தை உருளவிடாது, அவ்வளவுதான். சைக்கிளை அப்படியே தூக்கி லொறியில் போட்டுவிடலாம். பூட்டை உடைத்தவனுக்கோ நம் ஊர் இறக்கமே துணை, மிதிக்கவும் வேண்டியதில்லை.

ஆகவே உண்மையான போட்டி சங்கிலிக்கும் யூ வடிவப் பூட்டுக்கும்தான்.

8 மில்லிமீற்றர் சங்கிலியை, நீண்ட கைப்பிடி கொண்ட இரும்பு வெட்டியான போல்ட் கட்டர் கடித்துவிடும். கடினப்படுத்திய 16 மில்லிமீற்றர் சங்கிலியிடம் அது தோற்கும். ஆனால் அந்தச் சங்கிலி ஒரு மீற்றரே ஏறத்தாழ 5 கிலோ. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு அதையும் சுமந்து ஏற யாரால் முடியும்? அது வீட்டிலேயே கிடக்கட்டும். லயத்து வாசலில் தடித்த தூணோ மரமோதான் இருக்கும். அதைச் சுற்றி வளைக்க சங்கிலியால்தான் முடியும்.

நகரத்துக்கு எடுத்துச் செல்ல என் தேர்வு யூ பூட்டு. யூ போல வளைந்த தண்டு 13 மில்லிமீற்றருக்குக் குறையாத கடின எஃகாக இருக்கட்டும். அளவில் சிறியதே நல்லது; உள்ளே இடைவெளி மிஞ்சினால் ஜாக்கை நுழைத்து நெம்பிவிடுவார்கள். தண்டின் இரு முனைகளும் குறுக்குத் துண்டுக்குள் பூட்டிக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முனை மட்டும் பூட்டுவதை ஓரிடத்தில் வெட்டித் திருகினால் போதும். மற்றதை இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். குழாய் போன்ற வட்டச் சாவி கொண்ட மலிவுப் பூட்டு வேண்டவே வேண்டாம். 2004இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் நிறுவனத்தின் அத்தகைய பூட்டுகளை வெறும் பந்துமுனைப் பேனாவின் குழாயால் திறந்து காட்டினார்கள். நிறுவனம் அவற்றை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. பிரிட்டனின் ‘சோல்ட் செக்யூர்’ சோதனை முத்திரை இருந்தால், வெண்கலத்தைவிட வெள்ளி மேல், வெள்ளியைவிடத் தங்கம் மேல்.

பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்தே அசையாத இரும்புக் கம்பியில் பூட்டுங்கள். பூட்டு தரையைத் தொடக் கூடாது. தொட்டால் தரையையே பட்டறைக்கல்லாக்கிச் சம்மட்டியால் அடிப்பார்கள். நம் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் துரு சீக்கிரம் ஏறும் என்பதால், சாவித்துளை கீழ்நோக்கி இருக்கட்டும். அவ்வப்போது இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெயும் விடுங்கள்.

இரும்பை வெட்டும் மின் கிரைண்டர் முன் சங்கிலியும் யூ பூட்டும் அதிக நேரம் தாங்கா. அதன் இரைச்சலும் தீப்பொறியும்தான் நமக்குச் சாதகம். கடைக்குப் பின்புறம் வேண்டாம், ஆள் நடமாடும் முன்புறத்தில் நிறுத்துங்கள். சட்டத்தின் அடியில் பொறித்திருக்கும் இலக்கத்தை இன்றே எழுதி வையுங்கள். பொலிஸில் முறையிடும்போது அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டியிருக்கும்.