எம்.ஜி.ஆர். நினைவு இல்லம்: ஆற்காடு தெரு, ஆற்காடு சாலை இல்லை

விடுமுறைக்குச் சென்னை வருபவர்கள் ஆட்டோவில் ஏறி "எம்.ஜி.ஆர். வீடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருவர் மெரினா சமாதிக்கு விடுவார், இன்னொருவர் ராமாவரம் தோட்டத்துக்கு. அவர் குடியிருந்ததும், 1967 ஜனவரி 12-ல் சுடப்பட்டதும் ராமாவரத்தில்தான். அந்த வளாகத்தில் இப்போது காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி நடக்கிறது. அவர் பயன்படுத்திய பொருட்களைப் பார்க்க வேண்டுமானால் நினைவு இல்லத்துக்குத்தான் போக வேண்டும்: தி.நகர், ஆற்காடு தெரு, 27-ம் எண். செயலியில் "ஆற்காடு சாலை" என்று தட்டிவிட்டால் வண்டி கோடம்பாக்கம், வடபழனி என்று போய்க்கொண்டே இருக்கும். தெருப் பெயரோடு தி.நகரையும் சேர்த்துப் போடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நேராக வருவதானால் எதிரே திரிசூலம் ஸ்டேஷன். கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறி மாம்பலத்தில் இறங்கலாம். பெரிய பெட்டியோடு வேண்டாம், கூட்டம் நசுக்கிவிடும். மாம்பலத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை இருப்பதால் ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. அங்கிருந்து ஆட்டோ. வெளிநாட்டு கார்டை எந்த ஆட்டோக்காரரும் வாங்க மாட்டார். ஜிபே இல்லாதவர்கள் 50, 100 ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளவும். 500-ஐ நீட்டினால் "சில்லறை இல்ல சார்" என்பதுதான் பதில். மெட்ரோ வேலையால் பாதைகள் மாறிக்கொண்டிருக்கின்றன, காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நேரம் போகும்.

நினைவு இல்லத்துக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே அவசரமில்லாமல் பார்த்தால் ஒரு மணி நேரம் போதும். அவருடைய அம்பாசிடர் காரின் முன் நின்று எண் பலகையைக் கவனியுங்கள்: டி.எம்.எக்ஸ். 4777. டி.என். என்று தொடங்கி மாவட்ட எண் வரும் இப்போதைய முறைக்கு முந்தைய பதிவு அது. பிள்ளைகள் கேட்பார்கள், சொல்லிக்கொடுக்கலாம். 'அடிமைப் பெண்' படத்தில் நடித்த சிங்கத்தையும் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைகள் மிரளக்கூடும். படம் எடுக்கும் முன் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எம்.ஜி.ஆர். பிறந்த ஜனவரி 17, மறைந்த டிசம்பர் 24 இரண்டு நாளும் கட்சிக்காரர்கள் கூட்டம் இருக்கும். நிதானமாகப் பார்க்க முடியாது. நேரம் மிச்சமிருந்தால் அதே தி.நகரில் திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் இல்லம். காமராசர் வாடகைக்கு இருந்த வீடு அது.