விதியா, வாக்கியமா? ஆங்கிலத்தில் திறமையும் நாடும்

ஆங்கிலம் படிக்க ஆரம்பித்ததுமே இரண்டு பாடங்கள் வந்துவிடும்: எனக்கு இது செய்யத் தெரியும் என்று சொல்வது, நான் இந்த நாட்டைச் சேர்ந்தவர் என்று சொல்வது. விதியைப் பிடித்துக்கொண்டும் படிக்கலாம், முழு வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியும் பழகலாம். எது மேல் என்று கேட்டால், திறமைக்கு விதி, நாட்டுக்கு வாக்கியம் என்பேன்.

திறமையைச் சொல்லும் 'கேன்' (can) அவ்வளவு ஒழுங்கான சொல். ஐ, ஷீ, தே என்று எது வந்தாலும் மாறாது, பின்னால் 'டு' சேராது, கேள்விக்கு முன்னால் கொண்டுவந்தால் போதும்: 'கேன் யூ ஸ்விம்?' இதற்கு மனப்பாடம் வீண் வேலை. நாம் இடறுவது வேறு இடத்தில்: நீந்தத் தெரியும் என்று நினைத்து 'ஐ நோ ஸ்விம்மிங்' என்கிறோம், 'ஐ கேன் ஸ்விம்' என்பதுதான் இயல்பு. இறந்தகாலத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சின்ன வயதில் மரம் ஏறத் தெரியும் என்றால் 'குட்' (could), பூட்டிய அறையிலிருந்து ஒரு தடவை எப்படியோ வெளியே வந்துவிட்டோம் என்றால் 'வாஸ் ஏபிள் டு'. முடியவில்லை என்பதற்கு, இரண்டு இடத்திலும் 'குடன்ட்' பொருந்தும். எதிர்காலத்துக்கு 'வில் பி ஏபிள் டு', 'வில் கேன்' கிடையவே கிடையாது.

நாடுகள் விஷயத்தில் விதி பாதி வழியில் கைவிட்டுவிடும். இட்டாலியன், பிரேசிலியன் ஒரு கூட்டம், ஜப்பானீஸ், சைனீஸ் இன்னொன்று, டர்க்கிஷ், ஸ்பானிஷ் வேறொன்று. சரி, பிடிபட்டுவிட்டது என்று நினைக்கும்போதே நெதர்லாந்துக்காரர் 'டச்', கிரீஸ்காரர் 'கிரீக்', சுவிட்சர்லாந்துக்காரர் 'சுவிஸ்' என்று வந்து நிற்பார்கள். 'ஹீ இஸ் ஸ்பானிஷ்' சரி, ஆனால் ஆளைப் பெயர்ச்சொல்லாகச் சொன்னால் 'ஸ்பானியர்ட்'. அழுத்தமும் இடம் மாறும்: கனடாவில் முதல் அசையில் விழுவது கனேடியனில் 'னே'க்கு நகர்ந்துவிடும், அட்டவணையைப் பார்த்து எழுதுவதால் இது வராது, வாய்விட்டுச் சொன்னால்தான் வரும். எழுதும்போது நாட்டினப் பெயருக்கு எப்போதும் பெரிய எழுத்து, அந்த ஒன்றை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். நாட்டினப் பட்டியலை மட்டும் படித்தவர் 'கேன் ஷீ ஸ்பீக் பிரேசிலியன்?' என்று கேட்டுவிடுவார், அங்கே பேசுவது போர்ச்சுகீஸ். மெக்சிகோவில் ஸ்பானிஷ். சுவிட்சர்லாந்தில் தேசிய மொழிகளே 4, அதில் 'சுவிஸ்' என்று ஒன்று இல்லை. 'ஷீ இஸ் பிரேசிலியன், ஷீ கேன் ஸ்பீக் போர்ச்சுகீஸ்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் பழகினால் நாடு, ஆள், மொழி மூன்றும் குழம்பாமல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 'கேன்' என்பதை அழுத்திச் சொல்லாதீர்கள், சாதாரணப் பேச்சில் அது 'கன்' என்று தேய்ந்துதான் ஒலிக்கும், அழுத்தினால் கேட்பவருக்கு 'கான்ட்' என்றே காதில் விழலாம்.