சாட்பாட்டும் காசிமேட்டு அக்காவும்: இரண்டு வருட ரேடியோ அனுபவம்

முதலில் நான் மூக்குடைபட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் பற்றி ஒரு நிகழ்ச்சி. முன்னுரையை சாட்பாட்டிடம் எழுதச் சொன்னேன். "கடலுக்கு 45 நாட்கள் ஓய்வு" என்று ஜோராக ஆரம்பித்துக் கொடுத்தது. நானும் அப்படியே மைக்கில் வாசித்துவிட்டேன். அடுத்த வாரம் காசிமேட்டில் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா, கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "இன்னா தம்பி, ரேடியோல நாப்பத்தஞ்சு நாளுன்னு சொன்னியாமே? அத்த கொஞ்சம் சர்க்கார் கைல சொல்லி வாங்கிக் குடேன்."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது உண்மைதான், பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு எழுதிவிட்டது. நாள் கணக்கைக்கூட விடுங்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் படகுகள் கரையோரம் போய்க்கொண்டுதான் இருக்கும். அது எழுதியதைக் கேட்டால் ஏதோ இரண்டு மாதமும் காசிமேட்டில் ஈ காக்கா இல்லாத மாதிரி இருந்தது. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த நான் இதை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. வாக்கியம் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, பின்னணி. ஒரு சின்ன சமுதாய வானொலிக்கு வாரம் அரை மணி நேர நிகழ்ச்சி செய்து தருகிறேன். சம்பளம் இல்லை. பகலில் கணக்கு எழுதும் வேலை, ஸ்கிரிப்ட் எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். அதனால்தான் சாட்பாட் பக்கம் போனேன். மூன்றை மாற்றி மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் வரை பயன்படுத்துகிறேன். சொதப்புவதில் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

உள்ளூர் வரலாறு கேட்டால் ரொம்ப ஜாக்கிரதை. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது என்று சரியாகச் சொன்னது, கூடவே "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று ஒரு பட்டத்தையும் கட்டிவிட்டது. பம்பாயிலிருந்து தானேவுக்கு 1853லேயே ரயில் ஓடிவிட்டது. ராயபுரம் தென்னிந்தியாவுக்குத்தான் முதல். முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட கதைக்கு தேதி, கப்பல், எரிந்த தொட்டி எல்லாம் சரி. ஆனால் நடுவில் ஒரு மீனவர் நாட்குறிப்பிலிருந்து நாலு வரி உருக்கமாக வந்தது. எந்த நாட்குறிப்பு, எங்கே இருக்கிறது என்று கேட்டதும் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்பதில் மட்டும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மொழி இன்னொரு தலைவலி. விட்டால் "அன்பார்ந்த நேயர்களே, அலைகளின் தாலாட்டில்..." என்று போகும். கொஞ்சம் நம்ம ஏரியா பேச்சில் எழுது என்றால் வரிக்கு வரி "இன்னாபா", "சோக்கா கீது" என்று சினிமா ரவுடி மாதிரி எழுதுகிறது. எங்கள் பக்கம் இந்தச் சொற்களெல்லாம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தடவை அப்படி வந்த லிங்க்கை, அதாவது நிகழ்ச்சிக்கு நடுவே பேசும் இணைப்பு வரிகளை, ஸ்டுடியோவில் சும்மா வாசித்துக் காட்டினேன். சவுண்ட் பார்க்கும் புளியந்தோப்புப் பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணே, நம்மளயே நக்கல் பண்ற மாதிரி இருக்கு" என்றான். அன்றோடு அந்த வேலையை விட்டேன். பேச்சு வழக்கு என் வாயிலிருந்து வரட்டும், அது எழுத வேண்டாம்.

நேரக் கணக்கிலும் ஏமாந்தேன். மூன்று நிமிடத்துக்கு எழுது என்றால் 450 சொல் தரும். ஆங்கிலத்தில் அது சரியாக இருக்கலாம். தமிழில் "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்பதும் ஒரே சொல்தானே! எனக்கு நிமிடத்துக்கு 100 சொல்தான் வரும், வாசித்து முடிக்க நாலரை நிமிடம் ஆனது, பாட்டை வெட்டினோம். இப்போது 300 சொல்லுக்கு மேல் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு, தொகை எல்லாவற்றையும் எழுத்தாலேயே எழுதித் தரச் சொல்கிறேன், வாசிக்கும்போது நாக்கு தடுக்காது.

அப்புறம் ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்பீர்கள். வலை பின்னும் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுத்ததுதான் காரணம். முதலில் "பத்து கேள்வி கொடு" என்று கேட்டேன். "உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" ரகம்தான் வந்தது. பிறகு அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு பக்கம் தட்டிப் போட்டு, நான் எழுதிவைத்த கேள்விகளையும் ஒட்டி, "இதில் நான் எதைக் கேட்காமல் விட்டேன்?" என்று கேட்டேன். பெயர், தெரு எதையும் போடவில்லை, அது நான் எப்போதும் வைத்திருக்கும் பழக்கம். வந்த ஐந்தில் நாலு சப்பை. ஐந்தாவது: "கிழிந்து திரும்பி வரும் வலையில் உங்கள் கைவேலையை அடையாளம் தெரியுமா?"

கேட்டதும் பெரியவர் கையிலிருந்த ஊசியை நிறுத்திவிட்டார். முடிச்சைப் பார்த்தாலே தெரியும், அண்ணன் கை இறுக்கம், தன் கை கொஞ்சம் தளர்ச்சி என்று ஆரம்பித்து, இறந்துபோன அண்ணன் போட்ட முடிச்சு இருக்கும் வலைத்துண்டைப் பரணில் வைத்திருப்பது வரை ஆறு நிமிடம் பேசினார். ஒரு நொடிகூட எடிட் பண்ணவில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

அதிலிருந்து நான் அதை எழுத விடுவதைக் குறைத்துக்கொண்டேன். எழுதியதைக் கொடுத்து, எங்கே இழுக்கிறது, எதை முன்னால் போடலாம் என்று கேட்கிறேன். நாற்பது நிமிடப் பேட்டியைத் தட்டச்சு செய்து கொடுத்தால் எந்தப் பேச்சு எந்த இடத்தில் என்று பிரித்துத் தருகிறது, ராத்திரி ஒரு மணி நேரம் மிச்சம். சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம் என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. கொஞ்சம் அசந்தால் "இன்றைய முக்கியச் செய்திகள்" என்று ஆரம்பித்துவிடும்.

இந்த ஏப்ரலிலும் தடைக்கால நிகழ்ச்சி செய்தேன். சும்மா சோதித்துப் பார்த்தேன், இந்தத் தடவை 61 என்று சரியாகச் சொன்னது, விசைப்படகு என்றும் சொன்னது. இருந்தாலும் ரெக்கார்டிங்குக்கு முன்னால் அக்காவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டேன். "எத்தினி தபா சொல்றது உனக்கு?" என்றார், சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டே.