ஏற்பு மடல் வந்ததும் பணம் கட்டாதீர்கள்: நகல் ஆய்விதழ்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தறுவாயில் இருப்பவர்களும், பதவி உயர்வுக்குக் கட்டுரை சேர்த்துக்கொண்டிருக்கும் கல்லூரி ஆசிரியர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். உண்மையான ஓர் ஆய்விதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்ற அடையாள எண்ணையும் திருடி, அதே போன்ற இணையதளம் ஒன்றை நடத்தும் கும்பலிடம் என் கட்டுரையும் 18,000 ரூபாயும் போய்விட்டன. சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்க்கும் எனக்கு அது சிறிய தொகை இல்லை. ஆனாலும் கட்டுரை போனதுதான் பெரிய இழப்பு.

அது தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள ஃபுளோரைடு பற்றிய கட்டுரை. இந்திய தர நிர்ணய அமைப்பின் கணக்குப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம்; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏறும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் பழைய ஆழ்துளைக் கிணற்றையே நம்பும் சிற்றூர்கள் இருக்கின்றன. கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் அங்கெல்லாம் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பிளாஸ்டிக் பாட்டில்களில்தான் எடுக்க வேண்டும். “என்னம்மா, எங்க தண்ணி எப்படி இருக்கு?” என்று கேட்டவர்களிடம், முடிவு வந்ததும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

இந்த ஆய்வை அவசரமாக அச்சில் ஏற்ற வேண்டிய நெருக்கடி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் 2022 விதிமுறைகளில் நீக்கிவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் அதைத் தங்கள் சொந்த விதியாக இன்னும் வைத்திருக்கின்றன. நான் பதிவு செய்திருக்கும் பல்கலைக்கழகத்தில், ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் என்ற பன்னாட்டுத் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தால்தான் கோப்பு நகரும். நல்ல இதழ்களில் மேலாய்வு, அதாவது துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்து மதிப்பிடுவது, முடியவே ஓராண்டு ஆகிவிடுகிறது. பதிவுக் காலமோ அதற்குள் முடிந்துவிடும். நீட்டிக்கத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். இன்னொரு பக்கம், கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு வருகிறது, தரவரிசைக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்று கல்லூரி நிர்வாகம் ஒவ்வொரு பருவத்திலும் கட்டுரைப் பட்டியல் கேட்கும். அந்தப் படிவத்தில் இதழின் பெயருக்கு இடம் உண்டு, எண்ணுக்கு இடம் உண்டு. கட்டுரை என்ன சொல்கிறது என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நான் தேர்ந்தெடுத்த இதழ் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இருந்தது. ஸ்கோபஸ் தளத்தில் தேடினேன். பெயரும் ஐஎஸ்எஸ்என் எண்ணும் பதிப்பாளர் பெயரும் சரியாக இருந்தன. இணையத்தில் இதழின் பெயரைத் தேடியபோது முதலில் வந்த தளத்திலும் அதே எண், அதே அட்டைப்படம், அதே ஆசிரியர் குழு. எல்லாம் பொருந்தும்படிதான் இந்த மோசடியையே அமைக்கிறார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நகல் தளங்களின் இணைப்புகள் தன் பட்டியலிலேயே நுழைந்துவிட்டதால், 2023 இறுதியில் ஸ்கோபஸ் இதழ்ப் பக்கங்களிலிருந்து இணையதள இணைப்புகளை எடுத்துவிட்டது. இதழ் உண்மையானது என்பதை அங்கே உறுதி செய்யலாம். எந்தத் தளம் அதனுடையது என்பதை அங்கே பார்த்து அறிய முடியாது.

அனுப்பிய சில நாட்களிலேயே மேலாய்வாளர் கருத்து வந்தது. ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்துங்கள், அண்மைக் கால மேற்கோள்களைச் சேருங்கள், அவ்வளவுதான். எந்த மின்முனையால் அளந்தீர்கள், கருவியை எப்படிச் சரிபார்த்தீர்கள், மழைக்குப் பின் சில கிணறுகளில் அளவு ஏன் கூடியது என ஒரு கேள்வியும் இல்லை. கூடவே சில கட்டுரைகளைக் குறிப்பிட்டு அவற்றை மேற்கோள் காட்டச் சொன்னார்கள். அவை ஆடை விற்பனை பற்றியவை. என் ஆய்வுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை, சேர்க்க மாட்டேன் என்று எழுதினேன். மறுநாளே ஏற்பு மடல் வந்தது. முத்திரை, கையொப்பம், தொகுதி எண் எல்லாம் அதில் இருந்தன. பணம் கட்டும் கணக்கு இந்தியாவில் ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. இங்குள்ள முகவர் என்றார்கள். கட்டிய அதே வாரம் கட்டுரை தளத்தில் ஏறியது.

திறந்து பார்த்தபோது வயிறு கலங்கியது. முதன்மை அட்டவணையில் தசமப் புள்ளிகளைக் காணவில்லை. 1.8 என்று நான் கொடுத்திருந்த இடத்தில் 18 இருந்தது, 2.4 இருந்த இடத்தில் 24. அட்டவணைக்குக் கீழே உள்ள பத்தியில் சரியான எண்கள் அப்படியே இருந்தன. யாராவது ஒருவர் ஒரு முறை படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். திருத்தச் சொல்லி எழுதிய மடல்களுக்குப் பதில் இல்லை.

மாதங்கள் கடந்தும் கட்டுரை ஸ்கோபஸில் வரவில்லை. ஆசிரியர் குழுவின் தலைவர் பணிபுரியும் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து அவருடைய முகவரியை எடுத்து நேரடியாக எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. அந்தத் தளம் எங்களுடையது அல்ல, உங்கள் கட்டுரை எங்களிடம் வரவே இல்லை, எங்கள் இதழ் கட்டணமே வாங்குவதில்லை என்று எழுதியிருந்தார்.

போலித் தளத்துக்காரர்களிடம் கட்டுரையை நீக்கச் சொன்னபோதுதான் முன்பு மௌனமாக இருந்தவர்களுக்கு வாய் திறந்தது. நீக்குவதற்கு 25,000 ரூபாய் கட்டணமாம். கட்டவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் நீங்களும் கட்டாதீர்கள். ஒரு முறை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள். கட்டுரை அங்கே இருக்கும்வரை வேறு நல்ல இதழ்கள் அதைத் தொடுவதில்லை. ஒப்புமை காட்டும் மென்பொருளில் போட்டதும் முழுக் கட்டுரையும் ஏற்கெனவே வெளியானதாக வந்துவிடுகிறது. உண்மையான இதழின் ஆசிரியர் பரிவோடுதான் பேசினார். ஆனால் புதிய தரவுகளோடு புதிதாக எழுதினால்தான் பரிசீலிக்க முடியும் என்றார். அதாவது மீண்டும் கிணறு கிணறாகப் போக வேண்டும். அதுவரை தருமபுரித் தண்ணீரைப் பற்றி இணையத்தில் தேடுகிறவர்கள், என் பெயரில் இருக்கும் தவறான எண்களை எடுத்துப் பயன்படுத்தக்கூடும். எனக்குத் தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான்.

இது தனி ஒருவருக்கு நேர்ந்த விபத்து அல்ல. 2010-இல் யுஜிசி கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று கணக்கிடத் தொடங்கிய பிறகு, புள்ளி தரும் இதழ்கள் காளான்களாக முளைத்தன. 2017-இல் யுஜிசியே ஓர் அங்கீகாரப் பட்டியல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டியிருந்தது. பிறகு வந்த யுஜிசியின் கேர் என்ற இதழ்ப் பட்டியலையும் 2025-இல் கைவிட்டுவிட்டார்கள். வெளிநாட்டுப் பெரிய பதிப்பகம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வைலி நிறுவனத்தின் ஹிந்தாவி இதழ்கள் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன; காசுக்குக் கட்டுரை தயாரிக்கும் கூட்டங்கள் அங்கே புகுந்திருந்தன. பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் கேட்டுப் பட்டமும் பதவியும் தரும் ஏற்பாடு இருப்பதால்தான் இவர்களுக்கு வாடிக்கையாளர்கள் குறைவதில்லை. நெறியாளர்களும் ஆய்வுக் குழுவினரும் மாணவரின் கட்டுரையை உட்கார்ந்து படித்து, அது வெளியாகும் தளத்தையும் ஒரு முறை பார்த்தால் பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் கையில் இப்போது ஓர் ஏற்பு மடல் இருந்தால், பணம் கட்டும் முன் ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு எழுதுங்கள். இதழின் தளத்தில் தந்திருக்கும் முகவரிக்கு எழுதாமல், அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு எழுதுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்படும் ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளத்தில் நகல் இதழ்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலும் தேடுங்கள். அதில் இல்லை என்பதாலேயே நம்பிவிட வேண்டாம், புதிய நகல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பழைய கட்டுரைகளின் டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்குமான நிலையான இணைய அடையாளத்தை, சொடுக்கினால் வேறு தளத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். உண்மையான இதழ் இருக்கும் இடம் பெரும்பாலும் அப்படித் தெரிந்துவிடும். ஐஎஸ்எஸ்என் தரச்சான்று அல்ல, வெறும் அடையாள எண். அதை யாரும் நகலெடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

பணம் கட்டிவிட்டவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். வங்கி ரசீது, ஏற்பு மடல், தளத்தின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) அனைத்தையும் சேமித்து வையுங்கள். தளத்தை ஒரே இரவில் வேறு முகவரிக்கு மாற்றிவிடுகிறார்கள். நானும் புகார் கொடுத்திருக்கிறேன். உண்மையான இதழின் ஆசிரியர் எழுதிய மடலை அதோடு இணைத்தேன். அதே மடலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்பி, பதிவுக் காலத்தை நீட்டிக்கக் கேட்டிருக்கிறேன். கிணறுகளின் சரியான அளவுகளை அந்தந்த ஊராட்சி அலுவலகங்களில் எழுத்தில் கொடுத்துவிட்டேன்.